கால்பந்து கிளப்பின் பாரம்பரிய நிறத்தை வெளிநாட்டு உரிமையாளர் மாற்றினால் ரசிகர்கள் ஏன் இவ்வளவு கொதிக்கிறார்கள்? பணம் போட்டவருக்கு அந்த உரிமை இல்லையா?

சட்டப்படி உரிமை இருந்திருக்கலாம். ஆனால் ரசிகர்களின் கோபம் முழுக்க நியாயமானது என்றே சொல்வேன். வேல்ஸின் கார்டிஃப் சிட்டியைப் பாருங்கள். அதன் செல்லப்பெயரே ‘நீலப்பறவைகள்’. 1927இல் அர்செனலை 1-0 என வீழ்த்தி இங்கிலாந்தின் புகழ்பெற்ற எஃப்.ஏ. கோப்பையை வென்ற அணி. 2012இல் அதன் உரிமையாளரான மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான் அதற்குச் சிவப்புச் சட்டை மாட்டினார். சின்னத்தில் சிவப்பு டிராகன் பெரிதாக எழுந்து நிற்க, நீலப்பறவை அடியில் சிறிதாக ஒடுங்கியது. ஆசியச் சந்தையில் சிவப்பு எடுபடும் என்பது கணக்கு.

ரசிகர்கள் எல்லோரும் ஒரே குரலில் எதிர்க்கவில்லை. முதலீடு போய்விட்டால் கிளப் என்னாகும் என்று பயந்து, மனசில்லாமல் ஒத்துக்கொண்டவர்கள் பலர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த ஆண்டே அணி இங்கிலாந்தின் உச்சப் பிரிவான பிரீமியர் லீக்குக்கு முன்னேறியது. அப்போதும் காயம் ஆறவில்லை. சிவப்பு அணி ஆடும் மைதானத்தில் நீல மப்ளரை உயர்த்திப் பிடித்தபடி நின்றார்கள். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு முதல் மேட்ச் பார்க்கப் போன நாளின் நிறம் அது. அதை எந்த வெற்றியாலும் ஈடுகட்ட முடியாது.

2015 ஜனவரியில் நீலம் திரும்பியது.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்கில் 2005இல் பான நிறுவனமான ரெட் புல் அவ்வூர் கிளப்பை வாங்கி அதன் ஊதா நிறத்தை நீக்கியபோது, ரசிகர்கள் தங்களுக்கென்று ஊதாச் சட்டையுடன் தனி கிளப்பையே தொடங்கிவிட்டார்கள். இத்தனைக்கும் அது உள்நாட்டு நிறுவனம். ஆகவே இது வெளிநாட்டவர் மீதான வெறுப்பு அல்ல. இங்கிலாந்தின் 2025 கால்பந்து நிர்வாகச் சட்டமும், ரசிகர்களின் ஆதரவை உறுதிசெய்யாமல் சின்னத்தையோ சட்டை நிறத்தையோ மாற்றுவதைத் தடுக்கிறது.