காவல் காக்கிற வயதா அது?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. எட்டு மாதமாக வயிற்றுவலி, கால்வலி என்கிறாள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை என்கிறார்கள். பள்ளிக்கும் சரியாகப் போவதில்லை. நடிக்கிறாள் என்கிறார் என் கணவர். போன வருடம்தான் இந்தப் பகுதிக்குக் குடி வந்தோம். இரவில் தெருவில் ஒரே சண்டை, சத்தம். அதனால் அவளை வெளியே விளையாட விடுவதில்லை. மற்றபடி பொறுப்பான பெண். படுக்கும் முன் வாசல் தாழ்ப்பாளை அவளே இரண்டு தடவை பார்த்துவிடுவாள். கண்டித்தால் சரியாகிவிடுமா?

பதில்: தாழ்ப்பாள் விஷயத்தைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்ததே அங்கேதான். பெற்றவர்கள் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் 11 வயதுப் பிள்ளை எதற்குக் காவல் காக்கிறாள்? அவள் பயந்துபோயிருக்கிறாள். அது உங்கள் கண்ணுக்குப் பொறுப்பாகத் தெரிகிறது.

விளக்கை அணைத்த பிறகு அவளுக்கு என்ன நடக்கிறது என்று யோசித்தீர்களா? வெளியே யாரோ கத்துகிறார்கள். ஒரு பைக் உறுமிக்கொண்டு போகிறது. படுத்திருக்கிறாள், ஆனால் காது வாசலிலேயே இருக்கிறது. மாதக்கணக்கில் இப்படி உஷாராகவே இருக்கும் உடம்பில் நரம்புகள் அடங்குவதில்லை. மற்ற நேரத்தில் மூளை சட்டை செய்யாத சின்ன வயிற்று இறுக்கம், கால் அசதிகூட வலியாகவே உறைக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும். வலி கூடினால் அன்று இரவும் தூக்கம் போகும். இதெல்லாம் ஸ்கேனில் தெரியாது. அதற்காக வலி பொய்யாகிவிடாது.

3 மாதத்துக்கு மேல் நீடிக்கிற, அல்லது விட்டுவிட்டு வருகிற வலியை நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். ஏறக்குறைய ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்கு அது உண்டு. பாதுகாப்பில்லாத, ஓடியாட இடமில்லாத பகுதிகளில் வளரும் பிள்ளைகளிடம் அது அதிகம் காணப்படுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தெரு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது; பணக் கஷ்டம், வீட்டுக் கவலை எல்லாம் அதோடு சேர்ந்தே வரும். ஆனால் குடி வந்த சில மாதத்தில் வலி தொடங்கியது என்பதை டாக்டரிடம் சொன்னீர்களா? தூக்கத்தைப் பற்றி? சொல்லியிருந்தால் எனக்கும் எழுதியிருப்பீர்கள்.

வீடு மாறுங்கள் என்று சுலபமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முடியுமென்றால் நீங்களே மாறியிருப்பீர்கள். அவள் படுக்கையைத் தெருப் பக்கத்திலிருந்து உள்ளே மாற்றலாம், அதை இன்றே செய்யுங்கள். தாழ்ப்பாள் உங்கள் கணவரின் வேலை. அவள் கண்ணெதிரே அவர் பூட்ட வேண்டும். 'நடிக்கிறாள்' என்ற வார்த்தையை அவர் இனி எடுக்கக் கூடாது. தகப்பனே நம்பாவிட்டால் அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்?

அடைத்து வைத்தது அடுத்த தவறு. இந்த வயதில் தினம் 60 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளிச்சம் இருக்கும்போதே ஒருவர் கூடப் போய் நில்லுங்கள். அதே தெருவில் இன்னும் நாலு தாய்மார்கள் உங்களைப் போலவே கதவைச் சாத்திக்கொண்டுதான் இருப்பார்கள், போய்த் தட்டுங்கள். முறைபோட்டுப் பார்த்துக்கொண்டால் எல்லோருடைய பிள்ளைகளும் விளையாடும். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் நம் கடமைதான் என்று நம்புகிறவள் நான்.

டாக்டரிடம் திரும்பப் போங்கள், இந்தத் தடவை முழுக் கதையோடு. உடற்பயிற்சி, மனநல ஆலோசனை, தேவைப்பட்டால் மருந்து என்று சேர்த்துப் பார்ப்பதுதான் இதற்கு வழி. எடை குறைவது, காய்ச்சல், மூட்டு வீக்கம், மலத்தில் ரத்தம், தொடர் வாந்தி, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, இதில் எது தெரிந்தாலும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். இவை இல்லாத பட்சத்தில், வலி முழுக்கப் போகட்டும் என்று காத்திருக்காமல் அவளைப் பள்ளிக்கு அனுப்புங்கள். முதலில் அரை நாளாகவாவது, வகுப்பு ஆசிரியரிடம் சொல்லிவைத்துவிட்டு.