டச்சு ராணுவ ஹெல்மெட் கவர், கேமோ பேட்டர்ன் எல்லாம் சேகரிக்கறது வெட்டி வேலையா? ஒரிஜினல்னு எப்படி கண்டுபிடிக்கறது?

"வெட்டி வேலையா"னு கேட்டதாலதான் எழுதறேன், இல்லன்னா ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிருப்பேன். நீங்க நெதர்லாந்துக்கு வேலைக்கு வந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும், ஏதோ பழைய சாமான் கடையில ஒரு கவரைப் பாத்து கை பரபரன்னு இருந்திருக்கும், வீட்ல திட்டு விழுந்திருக்கும். சரிதானே?

முதல்லயே சொல்லிடறேன், போர் பிடிக்கும்னு நான் இதைச் சேர்க்கல. கமெண்ட்ல வந்து அமைதி பத்தி கிளாஸ் எடுக்காதீங்க. நான் திருப்பூர்க்காரன், பிரிண்டிங் யூனிட் சத்தத்துலயே வளந்தவன், எனக்கு இது துணி, சாயம், டிசைன், அவ்ளோதான்.

இந்த ஊர் ராணுவம் ரொம்ப காலம் சொந்தமா ஒரு பேட்டர்ன் இல்லாமலே ஓட்டுச்சு. அமெரிக்க எம்1 மாதிரி இரும்பு ஹெல்மெட், அதுக்கு மேல வலை, பச்சை டிரஸ். 90கள் ஆரம்பத்துலதான் தரைப்படை பிரிட்டிஷ் டிபிஎம்மைப் (பச்சை, பழுப்பு, கருப்பு கலந்த அவங்க கேமோ பேட்டர்ன்) பாத்து ஒண்ணு போட ஆரம்பிச்சாங்க. அதே சமயம் இவங்க மரைன்ஸ், அதாவது கடற்படையோட தரைச் சண்டைக்காரங்க, அமெரிக்க வுட்லேண்ட் கேமோ போட்டாங்க. இதுல வேடிக்கை என்னன்னா 1973ல இருந்து பிரிட்டிஷ் ராயல் மரைன்ஸோட சேந்து வேலை செஞ்சது இந்த மரைன்ஸ்தான், ஆனா பிரிட்டிஷ் டிசைன் போனது தரைப்படைக்கு! அதவிட, இவங்க ஆண்ட இந்தோனேசியாவே 80கள்லயே டிபிஎம் மாதிரி ஒண்ணைப் போட்டுட்டாங்க, பழைய எஜமான் பின்னாடி வந்து சேந்தான். இதையெல்லாம் அலமாரியில வரிசையா அடுக்கிப் பாத்தா எனக்கு அவ்ளோ சந்தோஷம், வெட்டி வேலைனா இருந்துட்டுப் போகட்டும்.

இப்ப ஒரிஜினல் விஷயம். ஏப்ரல் 27 கோனிங்ஸ்டாக் (ராஜா பிறந்தநாள்) அன்னைக்கு தெருவெல்லாம் ஜனங்க வீட்டுப் பழைய சாமானைப் பரப்பி விப்பாங்க இல்லையா, ஐந்தோவன்ல அப்படி ஒரு பெரியவர் விரிச்ச ஜமக்காளத்துல பொம்மைக்கும் டிவிடிக்கும் நடுவுல ஒரு டிபிஎம் கவர் சுருட்டிக் கெடந்துச்சு. என்கூட வந்த ஆபீஸ் ஃப்ரெண்ட் இங்கிலாந்துக்காரன், எடுத்த எடுப்புல "இது எங்க ஊர் ராணுவத்தோட மார்க் 6 ஹெல்மெட் கவர், இதைப்போய் டச்சுனு வாங்காத"ன்னான். நான் ஒண்ணும் பேசல, உள்பக்கத்தைத் திருப்பி லேபிளைக் காட்டினேன். லேபிள்ல இருக்கற நேட்டோ ஸ்டாக் நம்பர் மொத்தம் 13 இலக்கம், முதல் நாலு என்ன வகை சாமான்னு சொல்லும், அடுத்த ரெண்டு எந்த நாடு நம்பர் போட்டுச்சுனு சொல்லும். நெதர்லாந்துக்கு 17, பிரிட்டனுக்கு 99, அமெரிக்காவுக்கு 00 இல்ல 01, ஜெர்மனிக்கு 12. அதுல 17 பளிச்சுனு இருந்துச்சு. அதோட மார்க் 6 ஹெல்மெட்டோட உருவமே வேற, டச்சு காம்போசிட் ஹெல்மெட் அமெரிக்க பிஏஎஸ்ஜிடி (PASGT) ஹெல்மெட் சாயல்ல இருக்கும், கவரை விரிச்சுப் பாத்தாலே தெரியும். பையன் அன்னைக்கு முழுக்க என்கிட்ட வாயைத் திறக்கல. விலை ரெண்டு யூரோ. பேரம்கூட பேசல, பேசியிருந்தா ஒண்ணுக்குத் தந்திருப்பாரு.

லேபிள் அழிஞ்சிருந்தா இன்னொரு வழி இருக்கு. ராணுவத் துணிக்குப் போடற சாயம் இன்ஃப்ராரெட்லயும் மரம் செடி மாதிரியே தெரியணும்னு பாத்துப் போடறது. லைட்டை அணைச்சுட்டு வீட்டு சிசிடிவி கேமரா முன்னாடி பிடிச்சுப் பாருங்க, மலிவு காப்பின்னா பெரும்பாலும் பேட்டர்ன் காணாமப் போயி வெள்ளையா மின்னும். கண்ட பவுடர் போட்டு ரொம்பத் தொவச்ச ஒரிஜினலும் சொதப்பலாம், அதனால இதை மட்டும் நம்பி யார்கிட்டயும் சண்டைக்குப் போகாதீங்க.

ஐநா நீலக் கவர் பத்தி ஒண்ணு சொல்லணும். எந்த நீலக் கவரா இருந்தாலும் "ஸ்ரெப்ரெனிட்சா"ன்னு போஸ்னியா ஊர் பேரைச் சேத்துப் போட்டு விலையை ஏத்தறாங்க. 1995 ஜூலையில டச்சுப் படை ஐநா சார்பா காவலுக்கு நின்ன அந்த இடத்துல போஸ்னிய செர்பியப் படை எட்டாயிரம் பேருக்கு மேல கொன்னுச்சு, அந்தப் பேரைச் சொல்லி யாவாரம் பண்றவன்கிட்ட நான் எதுவும் வாங்கறதில்ல. நீங்க வாங்கிக்கிட்டா உங்க இஷ்டம், நான் நீதி சொல்ல வரல.

ஆன்லைன்ல வாங்கறதுக்கு முன்னாடி ஒரு எரிச்சலையும் கொட்டிடறேன். இந்த ஊர் கூரியர் ஆளுங்க பெல்லே அடிக்காம "பக்கத்து வீட்ல குடுத்தாச்சு"ன்னு மெசேஜ் போட்டுட்டுப் போயிடறாங்க. எந்தப் பக்கத்து வீடு? தெரு முழுக்க கதவைத் தட்டி "மெனேர் (சார்), என் பார்சல் வந்துச்சா"ன்னு கேட்டிருக்கேன், மழையில. மாசாமாசம் இதே கூத்து, கம்ப்ளெயின்ட் பண்ணா நம்ம மேலயே திருப்பறாங்க.

புதுசா வந்த என்எஃப்பி, அதாவது டிஎன்ஓ ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கின ஃபிராக்டல் பேட்டர்ன், இதுதான் இவங்க சொந்தச் சரக்கு, அறிவிச்சு பல வருஷம் இழுத்தடிச்சுதான் சிப்பாய்ங்க கைக்கே போச்சு. அது இப்ப சர்வீஸ்ல இருக்கற சாமான், சந்தையில ஒருத்தன் நீட்டினா எங்கேருந்து வந்துச்சுனு கேட்டுட்டுத் தொடுங்க. ஆரம்பிக்கறவங்களுக்கு டிபிஎம் கவர் போதும், ஈராக், ஆப்கானிஸ்தானோட உருஸ்கான்னு போனவங்க போட்ட பாலைவனக் கவரை அப்புறம் பாத்துக்கலாம். ஹெல்மெட்டோடதான் தருவேன்னு சொன்னா நகருங்க, அதை வைக்கற எடத்துக்குத்தான் வீட்ல நிஜமான சண்டை வரும்.