பாய்மரக் கப்பலில் அப்பா, அம்மா: டிக்கெட் எடுக்கலாமா?

கேள்வி: மதுரையிலிருந்து அப்பா, அம்மா அடுத்த மாதம் சிட்னிக்கு வருகிறார்கள். இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. டார்லிங் ஹார்பரில் நிற்கும் 'டைஃப்கன்' கப்பலில் துறைமுகத்தைச் சுற்றிக் காட்ட ஆசை. "அது டூப்ளிகேட் கப்பல், இன்ஜினில்தான் ஓடும், காசுக்குப் பிடித்த கேடு" என்கிறார் என் கணவர். இப்போதே பரிசு வவுச்சர் வாங்கி வைக்கட்டுமா?
- ஒரு வாசகி, சிட்னி

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொன்ன தகவல் சரி, முடிவுதான் தப்பு. 1606இல் வில்லெம் யான்ஸ்ஸோன் ஆஸ்திரேலியக் கரைக்கு ஓட்டிவந்த டச்சுக் கப்பலைப் பார்த்துச் செய்தது இது. ஃப்ரீமேன்டிலில் கட்டி 1999இல் தண்ணீரில் இறக்கினார்கள். அதன் பிறகு நெதர்லாந்து வரை கடலில் போன கப்பலை டூப்ளிகேட் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

டீசல் இன்ஜின் இருப்பது உண்மை. இருக்கத்தான் வேண்டும். சதுரப் பாய்க் கப்பலால் காற்றை எதிர்த்து நேராகப் போக முடியாது. சிட்னி துறைமுகத்திலோ ஃபெர்ரிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அதனால் "இன்ஜின் உண்டா?" என்று கேட்காதீர்கள், "பாய் விரித்து எவ்வளவு நேரம் ஓட்டுவீர்கள்?" என்று கேளுங்கள். காற்றைப் பொறுத்தது என்பதே நேர்மையான பதில்.

அசல் பழங்கப்பல்தான் வேண்டுமென்றால் 1874இல் கட்டிய 'ஜேம்ஸ் கிரெய்க்' சிட்னியிலேயே இருக்கிறது. ஆனால் அது துறைமுக வாயைத் தாண்டித் திறந்த கடலுக்கே போகும். பஸ்ஸிலேயே தலை சுற்றும் என்பவர்களை அங்கே ஏற்றாதீர்கள். துறைமுகத்துக்குள் அலை குறைவு.

வயதானவர்களுக்குச் சிக்கல் ஏறி இறங்குவதில்தான். ஏணிப்படி எவ்வளவு செங்குத்து, கழிப்பறைக்குக் கீழே இறங்க வேண்டுமா, உட்கார இடம் உண்டா என்று போனில் கேட்டுவிடுங்கள். அம்மா புடவையோடு ஏறலாமா என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

வவுச்சர் வேண்டாம். 2019 நவம்பர் முதல் பரிசு வவுச்சர்கள் குறைந்தது 3 ஆண்டு செல்லும் என்பது இங்கே சட்டம். ஒரு குறிப்பிட்ட சேவையைத் தள்ளுபடியில் தருபவை போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் அப்பா, அம்மா ஊர் திரும்பிய பிறகு அந்த 3 ஆண்டை வைத்து என்ன செய்வீர்கள்? வவுச்சர் கையில் இருப்பதாலேயே நீங்கள் கேட்கும் நாளில் இடம் கிடைத்துவிடாது. தேதி போட்ட டிக்கெட்டாகவே எடுங்கள், அதுவும் அவர்கள் வந்த முதல் இரண்டு வாரத்துக்குள்.

காசு கட்டும் முன் ரத்து விதியைப் படியுங்கள். வானிலையால் அவர்களே ரத்து செய்தால் பணம் திரும்ப வருமா, வேறு தேதிதான் தருவார்களா? நீங்கள் மனம் மாறினால் பணத்தைத் திருப்பித் தரச் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தாது. விளம்பரத்தில் சொன்னது ஒன்று, கொடுத்தது வேறு என்றால் முதலில் அவர்களுக்கே எழுதுங்கள். மசியாவிட்டால் நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங் என்ற அரசு நுகர்வோர் அமைப்பில் புகார் கொடுக்கலாம். விளம்பரப் பக்கத்தை டிக்கெட் எடுக்கும் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.