தானாக நின்றுவிடும் படபடப்புக்கு எதற்கு மருந்து?

கேள்வி: எனக்கு 58 வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு வருடமாக அவ்வப்போது நெஞ்சு படபடக்கிறது, நாடி தாறுமாறாக ஓடுகிறது. முன்பெல்லாம் பத்து நிமிடத்தில் நின்றுவிடும்; இப்போது அரை நாள்கூட நீடிக்கிறது. ஈசிஜி எடுத்துவிட்டு ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்றார்கள். எக்கோவில் வால்வுகள் நன்றாக இருக்கின்றன. தானாகச் சரியாகிவிடுவதற்கு மாத்திரை, அப்லேஷன் எல்லாம் எதற்கு? படபடக்கும் நேரம் மட்டும் ஏன் கூடிக்கொண்டே போகிறது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நேரம் ஏன் கூடுகிறது என்பது புரிந்தால், மருத்துவர் இப்போதே ஏன் அவசரப்படுகிறார் என்பதும் புரிந்துவிடும் அம்மா. தாளம் தப்பி ஓடும் ஒவ்வொரு முறையும் இதயச் செல்களின் மின் இயல்பு கொஞ்சம் மாறுகிறது. அப்படி மாறிய செல்களில் அடுத்த படபடப்பு சுலபமாகத் தொற்றிக்கொள்ளும், சீக்கிரம் விடாது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது இதயத்தின் மேல்பக்கத்து இரண்டு அறைகளில், அதாவது மேலறைகளில், தாளம் தப்புவது. ஓய்வில் இருக்கும் மேலறைச் செல்லின் உள்பக்கம், வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 80 மில்லிவோல்ட் தாழ்ந்த மின்நிலையில் இருக்கும். தூண்டல் வந்ததும் சோடியம் உள்ளே பாய, மின்நிலை சட்டென்று தலைகீழாகிறது. பின்னாலேயே கால்சியம் நிதானமாக நுழைந்து செல்லைச் சுருங்க வைக்கிறது. கடைசியில் பொட்டாசியம் வெளியேற, செல் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இத்தனையும் நடக்க ஒரு விநாடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் ஆகிறது. அதில் பெரும்பகுதி நேரம், வேறு எந்தத் தூண்டல் வந்தாலும் செல் ஏற்காது. தாளம் கலையாமல் காப்பது இந்த ஏற்காத நேரம்தான்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 தூண்டல்கள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் கால்சியம் உள்ளே வந்துகொண்டே இருந்தால் செல் தாங்காது. அதனால் தன்னைக் காத்துக்கொள்ள, கால்சியம் நுழையும் வாயில்களைக் குறைத்துவிடுகிறது. சில மணி நேரத்திலேயே இது தொடங்கிவிடும். பொட்டாசியம் வெளியேறும் சில வழிகளோ கூடுதலாக வேலை செய்கின்றன. இரண்டும் சேர்ந்து அந்த ஏற்காத நேரத்தைச் சுருக்கிவிடுகின்றன. அப்புறம் சுற்றிச் சுற்றி ஓடும் மின் அலைகளுக்குத் தடையே இல்லை. ஒன்று அடங்குவதற்குள் இன்னொன்று கிளம்பிவிடும். செல் தன் உயிரைக் காக்கச் செய்வதே நோய்க்குத் துணையாகிறது.

இதை 1995-ல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் இதய ஆய்வாளர் மௌரிட்ஸ் அலெஸ்ஸியின் குழுவினர் ஆடுகளில் காட்டினார்கள். ஆட்டின் மேலறையைக் கருவியால் மீண்டும் மீண்டும் தாளம் தப்ப வைத்தபோது, ஆரம்பத்தில் சில விநாடிகளில் நின்ற படபடப்பு நாளாக நாளாக நீண்டு, 11 ஆடுகளில் 10-க்கு ஒரு நாளுக்கு மேல் நிற்காமல் ஓடியது. ஏற்காத நேரம் 146 மில்லிவிநாடியிலிருந்து 95-க்கு இறங்கியிருந்தது. ஆனால் தாளத்தைச் சீராக்கியதும் ஒரே வாரத்தில் மின் மாற்றங்கள் முழுவதும் மறைந்துவிட்டன. என்னைக் கேட்டால், அந்த ஆய்வில் நமக்கு வேண்டிய செய்தி இதுதான். மின் மாற்றம் திரும்பக்கூடியது.

மாதக்கணக்கில் விட்டுவிட்டால் கதை வேறு. மேலறை விரியும், தசைக்கு நடுவே நார்த்திசு படியும், செல்லுக்குச் செல் மின்சாரம் கடக்கும் இணைப்புகள் சீர்குலையும். இவை எளிதில் திரும்பாது. உங்கள் ரத்த அழுத்தமும் மேலறையை விரியச் செய்வதால், அதற்கும் இதில் பங்கு உண்டு.

நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு வரும் சிரைகளின் வாய்ப்பகுதியில்தான் பெரும்பாலும் முதல் பொறி கிளம்புகிறது என்று பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் 1998-ல் கண்டார்கள். அப்லேஷன் என்றால், மெல்லிய குழாயை இதயத்துக்குள் செலுத்தி, அந்த வாய்ப்பகுதியைச் சுற்றியுள்ள திசுவைச் செயலிழக்கச் செய்து, அந்த இடத்தை மின்ரீதியாகத் தனிமைப்படுத்துவது. உங்களைப் போல வந்து வந்து போகும் நிலையில் செய்தால் பலன் அதிகம். நோய் தெரிந்த ஒரு வருடத்துக்குள் தாளத்தைச் சீராக்கும் சிகிச்சையைத் தொடங்கியவர்களுக்கு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, இதயநோய் மரணம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் குறைவு என்று 2020-ல் வெளிவந்த ஈஸ்ட் ஆய்வும் காட்டியது. அப்லேஷனா மாத்திரையா என்பதை உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை வேறு விஷயம். மேலறை சரியாகச் சுருங்காதபோது அதன் ஓரப் பையில் ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். படபடப்பு நின்றாலும் இந்த அபாயம் போய்விடாது. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவற்றை வைத்து அது தேவையா என்று கணக்கிடுவோம். ஆஸ்பிரின் அதற்கு ஈடாகாது. எழுதிக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

தைராய்டு பரிசோதனை செய்தாயிற்றா? பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் சொல்கிறார்களா? உடல் எடை கூடுதலா? இவற்றைச் சரிசெய்தாலே படபடப்பு பலருக்குக் குறைகிறது.

மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தாலோ, வாய் கோணி, கை விழுந்து, பேச்சு குழறினாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.