லோகோ ஓடலையா? கழட்டுறதுக்கு முன்னாடி மீட்டரை எடுங்க – கேள்வி பதில்

மாடல் ரயில் இன்ஜின்ல மோட்டார், டீகோடர் சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன், கொட்டித் தள்ளிட்டீங்க. ஒரே மாதிரி வந்ததை எல்லாம் சேர்த்துட்டேன். புதுசா வர்றவங்களுக்கு: டிசின்னா தண்டவாளத்துல வோல்ட்டேஜை கூட்டிக் குறைச்சு ஓட்டுற பழைய முறை; டிசிசின்னா தண்டவாளம் வழியா டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டுற முறை; அந்தக் கட்டளையைப் படிச்சு மோட்டாரை ஓட்டுற, இன்ஜினுக்குள்ள இருக்கிற குட்டி சர்க்யூட்தான் டீகோடர்.

கே: அண்ணா, என்னோட பழைய எச்ஓ (1:87 அளவு) டீசல் இன்ஜின் டிசில சூப்பரா ஓடிட்டு இருந்துச்சு. டிசிசி டீகோடர் மாட்டி ட்ராக்ல வச்சதும் புகை. டீகோடர் மட்டமான ஐட்டமா?

டீகோடர் பாவம்பா, அதை திட்டாதீங்க. பழைய இன்ஜின் நிறையதுல மோட்டாரோட ஒரு பிரஷ் (சுத்துற பாகத்துக்கு கரண்ட் குடுக்கிற துண்டு) நேரா மெட்டல் சேசிஸ தொட்டுட்டு இருக்கும், அந்த சேசிஸே ஒரு பக்க தண்டவாளத்து கரண்ட்டையும் சுமந்துட்டு வரும், டிசில அதனால ஒரு பிரச்சினையும் இல்ல. ஆனா டீகோடர் வச்சப்புறம் தண்டவாள கரண்ட் குறுக்கு வழியில ஆரஞ்சு இல்லன்னா கிரே ஒயர் வழியா டீகோடரோட மோட்டார் அவுட்புட்டுக்குள்ள போயிடும், கதை முடிஞ்சுது. மோட்டாரை முழுசா தனிமைப்படுத்தணும், அடியில கேப்டான் டேப் (சூடு தாங்குற, கரண்ட் கடத்தாத டேப்), மெட்டல் திருகுக்கு பதிலா நைலான் திருகு. அப்புறம் மல்டிமீட்டரை பீப்ல (ரெண்டு முனைக்கு நடுவுல தொடர்பு இருந்தா சத்தம் போடுற செட்டிங்) வச்சு ஒரு முனையை பிரஷ்லயும் இன்னொன்னை ஒவ்வொரு சக்கரத்துலயும் வச்சு பாருங்க, எங்கயும் பீப் வரக்கூடாது. பாடியை மூடி லேசா அமுக்கிட்டும் ஒரு தடவை பாருங்க. நானே மோட்டாரை கவ்வுற ஸ்பிரிங் கிளிப்பை மறந்துட்டு ஒரு டீகோடரை பொசுக்கினவன்தான். அப்புறம் டீகோடரோட சிவப்பு ஒயர் வலது தண்டவாளத்துக்கு, கருப்பு இடதுக்கு, அதையும் மாத்திடாதீங்க.

கே: எத்தனை ஆம்ப் டீகோடர் வாங்கணும் சார்?

ஸ்டால் கரண்ட்டை, அதாவது மோட்டார் சுத்த முடியாம நிக்கும்போது இழுக்கிற கரண்ட்டை அளந்துட்டு வாங்குங்க. 12 வோல்ட் டிசி குடுத்து, மீட்டரை 10 ஆம்பியர்ல வச்சு சீரியல்ல கோத்து, ஃப்ளைவீலை (மோட்டார் தண்டுல இருக்கிற கனமான உருளை) விரலால பிடிச்சு ஒரு செகண்ட் நிறுத்துங்க, அவ்ளோதான், ரொம்ப நேரம் பிடிச்சா மோட்டார் வெந்துடும். 0.6 வந்தா 1 ஆம்ப் டீகோடர் தாராளம். 1.5 தாண்டி போச்சுன்னா பெரிய டீகோடர் தேடுறதுக்கு முன்னாடி மோட்டாரை சந்தேகப்படுங்க. பழைய ஓப்பன் ஃப்ரேம் (மூடி இல்லாம காந்தமும் காயிலும் வெளிய தெரியுற) மோட்டார்ல காந்தம் சோர்ந்து போயிருக்கும். அடையாளம் என்னன்னா, பெட்டி இல்லாம விட்டா முன்னைவிட வேகமா ஓடும், நாலு பெட்டி கோத்தா இழுக்காது, தொட்டா சுடும். நியோடிமியம் காந்தம் மாத்தினா கரண்ட் குறையும், இழுவையும் திரும்ப வரும்.

கே: ஓடும்போது டக் டக்னு குதிக்குது, மோட்டார் மாத்திடவா?

வேணாம்! சக்கரத்துல ஸ்கெட்ச்ல ஒரு புள்ளி வச்சு மெதுவா ஓட்டி எண்ணுங்க. சக்கரம் ஒரு சுத்துக்கு ஒரு டக்குன்னா அது ஆக்சில் கியர். பிளாஸ்டிக் நாளாக நாளாக சுருங்கி ரெண்டு பல்லுக்கு நடுவுல முடி மாதிரி வெடிச்சிருக்கும், லென்ஸ் வச்சு பாருங்க, தெரியும். பசை போட்டு ஒட்டாதீங்க, நிக்காது. கியரையே மாத்துங்க.

கே: ப்ரோ, டேபிள்ல டீகோடரை மட்டும் வச்சு சிவி (டீகோடர்ல சேமிச்சிருக்கிற செட்டிங்) ரீட் பண்ணா வரவே மாட்டேங்குது.

மோட்டார் கோக்கலைல்ல? டீகோடருக்கு வாய் கிடையாது, மோட்டாருக்கு ஒரு சின்ன தட்டு தட்டித்தான் ஆமான்னு சொல்லும், குறைஞ்சது 60 மில்லிஆம்ப், சுமார் 6 மில்லிசெகண்ட். மோட்டார் இல்லன்னா அது எப்படி சொல்லும்? சக்கரம் அழுக்கா இருந்தாலும், கீப் அலைவ் கெபாசிட்டர் (கரண்ட் ஒரு நொடி விட்டாலும் இன்ஜினை ஓட வைக்கிறது) மாட்டியிருந்தாலும் சில சமயம் இதே தொல்லைதான்.

கே: ஹெட்லைட் எல்இடி பளிச்னு ஒரு தடவை எரிஞ்சுட்டு செத்துப்போச்சு.

ரெசிஸ்டர் போடல நீங்க. 1 கே போதும். டீகோடரோட நீல ஒயர் எல்இடியோட நீளக் காலுக்கு, வெள்ளை குட்டைக் காலுக்கு, ரெசிஸ்டர் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி.

கே: கோர்லெஸ் மோட்டார் போட்டா ஸ்லோ ஸ்பீடு நல்லா வருமாமே அண்ணா?

வரும், உள்ள இரும்பு இல்லாததால திக்கித் திக்கி சுத்தாது. ஆனா வெறும் செப்புக் கம்பிக் கூடு அது, சூடு தாங்காது, பழைய பல்ஸ் கண்ட்ரோலர்ல ஓட்டினா சீக்கிரம் போயிடும், ஹை ஃப்ரீக்வென்சி டீகோடர்தான் வேணும். அதுக்கு முன்னாடி இருக்கிற மோட்டாருக்கே ஒரு சான்ஸ் குடுங்களேன். கம்யூட்டேட்டரை (பிரஷ் உரசுற செப்பு வளையம்) ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைச்சு, நடுவுல இருக்கிற கோடுகள்ல அடைஞ்ச கருப்பு மாவை பல்குத்தும் குச்சியால இழுத்து விடுங்க, பேரிங்ல ஊசி முனை அளவு எண்ணெய். பாதி பேரோட பிரச்சினை இதோட முடிஞ்சுடும்.

கே: இன்ஜின் ஓடல, என்ன பண்ண?

என்ன ஸ்கேல், டிசியா டிசிசியா, லைட் எரியுதா, மோட்டார் முனகுதா இல்ல சத்தமே இல்லையா, அதை எழுதுங்க தம்பி, அப்புறம் பேசலாம்.