வாசகர் கேள்வி பதில்: விலை குறைந்த ஏசியை நம்பி வாங்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறது. நோயாளியான மாமி படுக்கும் 10 அடிக்கு 12 அடி அறைக்கு ஏசி பூட்ட நினைக்கிறோம். கூரை அஸ்பெஸ்டஸ் ஷீற், சீலிங் அடிக்கவில்லை. கையிலுள்ள காசுக்கு, அதிகம் கேள்விப்படாத பெயருள்ள ஒன்றுதான் கட்டுப்படியாகும். கடைக்காரர், பூட்டுவது இலவசம், ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிந்துவிடும் என்கிறார். குளிர்விக்கும் திறன் 9000 பி.ரி.யூ. உள்ளதை எடுப்பதா, 12000 எடுப்பதா?
– வாசகி, கல்லடி

பதில்: விலை குறைந்த ஏசியைத் தாராளமாக வாங்கலாம். அதை ஒரு மணித்தியாலத்தில் பூட்டிவிட்டுப் போவதற்குத்தான் நான் உடன்படமாட்டேன். சுவரில் தொங்கும் உள் யூனிற்றும் வெளியே நிற்கும் யூனிற்றும் தொழிற்சாலையிலிருந்து தனித்தனியாகவே வருகின்றன. அவற்றைச் செப்புக் குழாயால் இணைத்து ஒரே இயந்திரமாக்கும் வேலை உங்கள் வீட்டில்தான் நடக்கிறது. பெயர் பெற்ற ஏசியாக இருந்தாலும் அந்த வேலை பிழைத்தால் பிழைத்ததுதான்.

ஆனால் முதற் செலவு சீலிங்காக இருக்கட்டும். கச்சான் வீசும் மாதங்களில் பகல் முழுவதும் ஷீற்றிலிருந்து இறங்கும் வெக்கையில் சுவரும் கட்டிலும் மெத்தையும் சூடேறி, பொழுதுபட்ட பிறகும் அந்தச் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, ஏசி தருகிற குளிர் ஷீற் மடிப்புகளின் இடுக்கால் வெளியேறிவிடும். சீலிங் அடித்து, யன்னல் இடைவெளிகளையும் அடைத்தால், உங்கள் அறைக்கு, தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வேர்ட்டர் ஏசி 9000 பி.ரி.யூ.வில் போதும். சீலிங் இல்லாமல் 12000 வாங்கினாலும் அது ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். குழாய்களைச் சுவர் வழியாகவே கொண்டுபோகச் சொல்லுங்கள். அஸ்பெஸ்டஸ் ஷீற்றைத் துளையிடும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கேடு, அதுவும் நோயாளி இருக்கும் வீட்டில் அதற்கு இடமே கொடுக்கக்கூடாது.

அடுத்து, ‘வக்யூம் பம்ப் கொண்டு வருவீர்களா?’ என்று கடையிலேயே கேளுங்கள். குழாய்களை இணைத்தவுடன் உள்ளே நிற்கும் காற்றையும் ஈரத்தையும் அந்தப் பம்ப்பால் உறிஞ்சி எடுத்த பிறகுதான் வெளி யூனிற்றிலுள்ள குளிரூட்டும் காஸைத் திறந்துவிட வேண்டும். ஆர் 32, ஆர் 410ஏ என்ற காஸ்களில் ஓடும் ஏசிகளில், காஸை அழுத்திச் சுற்றவிடும் கொம்பிறெசரின் எண்ணெய் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது; அந்த ஈரம் எண்ணெயோடு சேர்ந்து காலப்போக்கில் அமிலமாகி உள்ளிருந்தே கொம்பிறெசரை அரிக்கும். என் வீட்டில் முதல் ஏசி பூட்ட வந்தவர்கள் பம்ப் கொண்டுவரவில்லை. வெளி யூனிற்றின் காஸைச் சில விநாடிகள் சீறவிட்டு, ‘காற்றெல்லாம் போய்விட்டது’ என்றார்கள். நானும் நம்பினேன். அடுத்த வருடமே குளிர் குறைந்துவிட்டது. வேறொரு தொழிலாளி வந்து வெளி யூனிற்றின் பக்க மூடியைக் கழற்றினார். குழாய் நட்டைச் சுற்றி எண்ணெய் கசிந்து, அதில் தூசு படிந்து கறுத்திருந்தது. அவர் சவர்க்கார நுரையைத் தடவிவிட்டுப் பேசாமல் நின்றார். சிறிது நேரத்தில் கடுகளவு குமிழி ஒன்று மெதுவாக ஊதி உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று எழுந்தது. ஒரு வருடமாகக் காஸ் போன வழி அதுதான். குழாயின் வாயைப் புனல்போல் விரிக்கும்போது பிசிறு நீக்காமல் விட்டிருந்தார்கள்.

ஆகவே பூட்டும் நாளில் நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். பம்ப் குறைந்தது 15, 20 நிமிடங்கள் ஓட வேண்டும். அதை நிறுத்தியபின் அளவுமானியின் முள் 10 நிமிடங்களாவது அசையாமல் நிற்க வேண்டும். முள் ஏறினால் எங்கோ கசிகிறது, அல்லது உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. ஆர் 32 தீப்பற்றக்கூடிய காஸ் என்பதால் அதைச் சீறவிடும் பழக்கம் ஆபத்தானதும்கூட.

வெளி யூனிற் நிற்கும் இடம் நம் ஊரில் தனியாக யோசிக்க வேண்டிய விடயம். கடற்காற்று நேரே அடிக்கும் சுவரைத் தவிர்த்து, வீட்டின் மறைவான பக்கத்தில், ஆனால் சூடான காற்று தடையின்றி வெளியேறும்படி வையுங்கள். வெளி யூனிற்றின் மெல்லிய உலோகத் தகடுகள் உப்புக்குத் தாக்குப்பிடிக்கும் பூச்சுள்ளவையா என்று வாங்கும்போதே விசாரியுங்கள். மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அந்தத் தகடுகளை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவிவிடுங்கள். உள்ளே வெற்றிடமுள்ள சீமெந்துக் கல்லில் கட்டிய சுவர் அந்தப் பாரத்தையும் அதிர்வையும் நெடுநாள் தாங்காது. கொங்கிறீற் மேடை போடுவது நல்லது. 2011 ஜனவரி வெள்ளம் உங்கள் வளவில் எவ்வளவு உயரத்துக்கு நின்றதென்று வீட்டிலுள்ளவர்களைக் கேட்டு, மேடையை அதற்கு மேலாக உயர்த்துங்கள். பல்லியும் எறும்பும் உள்ளே புகுந்து சேர்க்கிற் போர்ட்டைக் கருக்கிவிடுவது இங்கு அடிக்கடி நடப்பதால், வயர் நுழையும் துவாரத்தை அடைக்கச் சொல்ல மறக்காதீர்கள்.

இப்படி இரண்டு யூனிற்றாக வரும் ஏசியில், அவற்றை இணைக்கும் இரண்டு செப்புக் குழாய்களும் குளிரும். இரண்டுக்கும் தனித்தனியாக உறை போடாவிட்டால் வாவி சூழ்ந்த நம் ஊரின் ஈரக்காற்றில் அவை வியர்த்துச் சுவரை நனைக்கும். வடிகுழாய் முழுவதும் சரிவாக இருக்கிறதா என்று உள் யூனிற்றின் தட்டில் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஏசிக்குத் தனி வயர், தனி பிரேக்கர், நல்ல எர்த், வேலை செய்யும் ட்ரிப் சுவிட்ச் ஆகியவை கட்டாயம் வேண்டும்.

உத்தரவாதம் பற்றியும் ஒரு சொல். கொம்பிறெசருக்கு எத்தனை வருடம் என்பதைப் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். சேர்க்கிற் போர்ட்டுக்கு எத்தனை வருடம், பழுதுபார்க்க மட்டக்களப்பிலேயே ஆள் இருக்கிறாரா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: மாதம் 90 அலகுக்குள் செலவாகும் எங்கள் வீட்டில் இரவில் மட்டும் ஏசி போட்டால் பில் தாங்குமா? எங்கள் பக்கம் மாலையில் வோல்ற்றேஜும் குறைவு.
– வாசகர், திருக்கோவில்

பதில்: 9000 பி.ரி.யூ. இன்வேர்ட்டர் ஒன்று, நன்றாக அடைத்த அறையில் இரவு 8 மணித்தியாலம் ஓடினால் ஏறத்தாழ 3 அல்லது 4 அலகு எடுக்கும். மாதம் 100 அலகு கூடுகிறதென்று வைத்துக்கொண்டால் உங்கள் பாவனை 190 ஆகிவிடும். மின்சாரக் கட்டணம் 90, 120, 180 என்ற படிகளில் ஏறுவதால், கூடுகிற 100 அலகும் விலை கூடிய படிகளிலேயே போய் விழும். பில் இரு மடங்கோடு நிற்காது. 26 பாகையில் வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டு, விடியற்காலையில் தானாக நிற்கும்படி நேரம் குறித்துவிட்டால் 180ஐத் தாண்டாமல் சமாளிக்கலாம்.

வோல்ற்றேஜை வாங்குவதற்கு முன்பே பாருங்கள். மாலை 7 மணிக்கு, வீட்டு மின்குமிழ்கள் எல்லாம் எரியும்போது, மின் வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு மூன்று நான்கு நாட்கள் தொடர்ந்து அளந்து எழுதிவையுங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 200க்குக் கீழே இறங்கினால், அந்தக் குறிப்புடன் முதலில் உங்கள் பகுதி மின் விநியோக அலுவலகத்தில் முறையிடுங்கள். எத்தனை வோல்ற் வரை இயங்கும் என்று ஏசியின் கையேட்டில் இருப்பதையும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கடைக்குப் போகலாம்.