தேசியக் குடும்ப நல ஆய்வுத் தரவைத் தாலுகா அளவிலான மதிப்பீட்டுக்கு எப்படித் தயார் செய்வது?

ஐந்தாவது ஆய்வை (2019-21) வைத்துத் தமிழ்நாட்டில் தாலுகாவாரியாகக் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவை மதிப்பிட வேண்டும், எந்த மாடல் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். மாடல் கொஞ்சம் பொறுக்கட்டும். முதலில் சரியான கோப்பை எடுங்கள்.

குழந்தைகள் கோப்பில், பேட்டி கொடுத்த தாய்மாரின் குழந்தைகள் மட்டும்தான் வருவார்கள். தாயை இழந்த குழந்தையோ, அம்மா வெளியூரில் வேலை பார்க்க, பாட்டி வீட்டில் வளரும் குழந்தையோ அதில் இருக்காது. நமக்கு முக்கியமாகத் தேவைப்படுவதே அந்தக் குழந்தைகள்தான். அதனால் குடும்ப உறுப்பினர் கோப்பிலிருந்து, பேட்டிக்கு முந்தைய இரவு அந்த வீட்டில் தங்கிய ஐந்து வயதுக்குட்பட்டவர்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

வயதுக்கேற்ற உயரத்தின் இசட் மதிப்பு (அந்த வயதின் சராசரி உயரத்திலிருந்து குழந்தை எத்தனை திட்ட விலக்கம் தள்ளி இருக்கிறது என்பது) நூறால் பெருக்கித் தரப்பட்டிருக்கும். -200க்குக் கீழே என்றால் வளர்ச்சிக் குறைவு. 9996, 9998 போன்றவை அளவுகள் அல்ல, அளவு செல்லாது என்பதற்கான குறியீடுகள். நீக்காமல் விட்டால் அந்தக் குழந்தைகளெல்லாம் நல்ல உயரம் உள்ளவர்களாகக் கணக்கில் சேர்ந்து விகிதம் குறைந்துவிடும். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது.

அடுத்து எடை (குழந்தையின் எடை அல்ல, மாதிரியில் ஒவ்வொருவரும் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்று சொல்லும் எண்), கிளஸ்டர் (மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த சிறு பகுதி), ஸ்ட்ராட்டம் (மாதிரி எடுக்கும் முன் பிரித்த அடுக்கு) மூன்றையும் கடைசிவரை விடாமல் வைத்திருங்கள். ஒரு கிளஸ்டரில் 22 வீடுகள். ஒரே தண்ணீர், ஒரே அங்கன்வாடி. அங்குள்ள குழந்தைகளைத் தனித்தனிச் சாட்சிகளாக எண்ணினால் வேரியன்ஸ் (மதிப்பீடு எவ்வளவு ஆட்டம் காணும் என்பதன் அளவு) பொய்யாகச் சுருங்கும். சிறு பகுதிகளின் நேரடி மதிப்பீட்டையும் (அந்தப் பகுதியின் ஆய்வுத் தரவிலிருந்து மட்டும் கிடைப்பது) துணை மாறிகளையும் (அந்தப் பகுதி பற்றிய பிற தகவல்கள்) சேர்த்து மதிப்பிடும் ஃபே-ஹெரியட் மாடல் (1979) நீங்கள் தரும் வேரியன்ஸை அப்படியே நம்புகிறது. அது சிறியதாக இருந்தால் ஆட்டம் காணும் நேரடி மதிப்பீட்டையே பிடித்துக்கொள்ளும், துணை மாறிகளைக் கண்டுகொள்ளாது. ஒரே கிளஸ்டர் உள்ள தாலுகாவில் வேரியன்ஸைக் கணக்கிடவே வழியில்லை. அங்கே மற்ற பகுதிகளின் வேரியன்ஸ்களை வைத்து ஒரு சமன்பாடு பொருத்தி, அதிலிருந்து எடுக்க வேண்டும்.

எல்லைகளையும் பாருங்கள். ஆய்விலும் 2011 கணக்கெடுப்பிலும் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டங்கள், இன்று 38. தென்காசியைத் தனியாகக் காட்டும் வரைபடத்தை இணைத்தால் திருநெல்வேலிக் கணக்கு குழம்பும். பழைய வரைபடத்தையே பயன்படுத்துங்கள்.

தாலுகா விஷயத்தில் என் தயக்கம் இதுதான்: அடையாளம் தெரியாமலிருக்க, கிளஸ்டர்களின் ஜிபிஎஸ் புள்ளிகள் நகர்த்தப்பட்டவை. நகரத்தில் 2 கிலோமீட்டர் வரை, கிராமத்தில் 5 வரை, கிராமப் புள்ளிகளில் நூற்றில் ஒன்று 10 வரை. மாவட்டம் மாறாது, தாலுகா மாறலாம். அதனால் முதலில் மாவட்ட அளவில் முடித்து, வெளியான அதிகாரபூர்வ எண்ணோடு ஒப்பிடுங்கள். அது ஒத்துவந்தால் தாலுகாவுக்கு இறங்கலாம்; எல்லையோரக் கிளஸ்டர்களைப் பக்கத்துத் தாலுகாவில் மாற்றி வைத்தும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.